பயறு முளைக்கிற பரிசோதனை: முடிவு சரியாம், பரிசோதனை மட்டும் நியாயமில்லையாம்

களுவாஞ்சி_அம்மா:

வணக்கம். மகள் தரம் 10. விஞ்ஞானப் பாடத்துக்கு வீட்டில் செய்துகொண்டு வரச் சொன்ன செயற்பாடு, ‘நீரின் உவர்த்தன்மை வித்து முளைத்தலைப் பாதிக்குமா?’ என்பது. மூன்று யோகட் கப்பில் பஞ்சு வைத்து ஒவ்வொன்றிலும் ஐந்து பயறு போட்டாள். ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர், ஒன்றுக்குப் பைப் தண்ணீர், ஒன்றுக்குக் கடலோடு சேருகிற எங்கட மட்டக்களப்பு வாவியின் உவர்த் தண்ணீர். வாவித் தண்ணீர் நாறுகிறது என்று அம்மம்மா அந்தக் கப்பை மட்டும் வெளி விறாந்தையில் வைத்துவிட்டா. மற்ற இரண்டும் குசினி ஜன்னலில் இருந்தன.

கிணற்றுத் தண்ணீரில் நாலு முளைத்தது, பைப் தண்ணீரில் ஐந்தும் முளைத்தது, வாவித் தண்ணீரில் ஒன்றுதான். ‘உப்பு முளைத்தலைத் தடுக்கும்’ என்று முடிவு எழுதினாள். மிஸ் சிவப்புப் பேனையால் ‘முடிவு சரி. பரிசோதனை நியாயமானது அல்ல. திரும்பச் செய்க’ என்று எழுதி அனுப்பியிருக்கிறா. முடிவு சரியென்றால் பரிசோதனை எப்படிப் பிழையாகும்? பிள்ளைக்கு விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

வாவிக்கரை_ஓய்வு (ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்):

தங்கச்சி, அந்த மிஸ் நல்ல மிஸ். பேசாமல் ஒரு ‘சரி’ போட்டுவிட்டுப் போயிருக்கலாம், அவ போடவில்லை.

வாவித் தண்ணீர்க் கப்பை மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் எதெல்லாம் வேறு? உப்பு வேறு, சரி. வெயில் வேறு, காற்று வேறு. விறாந்தையில் பஞ்சு கெதியாய்க் காயும். வாவித் தண்ணீரில் சேறும் பாசியும் கிருமியும் இருக்கும். இத்தனையும் ஒன்றாய் மாறியிருக்கும்போது முளைக்காத நாலு பயறையும் தடுத்தது உப்புத்தான் என்று எதை வைத்துச் சொல்லுவது? வெயிலில் பஞ்சு காய்ந்ததால் முளைக்கவில்லை என்று ஒருவர் வாதாடினால் மகளிடம் பதில் இருக்காது. மிஸ் கேட்பது அந்தப் பதிலைத்தான்.

பாடப்புத்தகம் இதைச் சாரா மாறி, சார்ந்த மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று பிரித்துச் சொல்லும். பிள்ளைகள் மூன்றுக்கும் வரைவிலக்கணம் மனப்பாடமாய் ஒப்புவிப்பார்கள். கப்பை எங்கே வைப்பது என்று வரும்போது மட்டும் மறந்துபோகும். நாங்கள் வேண்டுமென்றே மாற்றுவது ஒன்று, அளப்பது ஒன்று, மற்றதெல்லாம் எல்லாக் கப்பிலும் ஒரே மாதிரி.

இன்னொரு விஷயம். ‘வாவித் தண்ணீர்’ என்பது ஓர் அளவே இல்லை. பாலமீன்மடு கடல்வாய்ப் பக்கம் அள்ளினால் ஓர் உப்பு, உள்ளே தள்ளி அள்ளினால் வேறு உப்பு. மார்கழி வெள்ளம் வாவிக்குள் இறங்கியிருக்கும்போது ஒரு மாதிரி, கச்சான் காற்றில் காயும் மாதங்களில் இன்னொரு மாதிரி. மகளின் பரிசோதனையை வேறொரு பிள்ளை திரும்பச் செய்து பார்க்க வழியில்லை.

ஆகவே வாவியை விட்டுவிட்டு உப்பைக் கரையுங்கோ. உப்பில்லாத தண்ணீர் ஒன்று, அப்புறம் லீற்றருக்கு 5, 10, 20, 35 கிராம் உப்பு. கடல்நீரில் சராசரியாக லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு உண்டு, அதனால் அங்கே நிற்பாட்டலாம். உப்பில்லாத கப்தான் கட்டுப்பாடு. அதிலும் முளைக்காவிட்டால் பயறில் பிழை என்று தெரிந்துபோகும்.

ஐந்து வித்தும் காணாது. ஒரு வித்து சொத்தையாய் இருந்தாலே நூற்றுக்கு 20 குறைந்துவிடும். கப்புக்கு 20 வித்தாவது போடுங்கோ.

உயர்தரப்_பொடியன்:

சேர், கிணற்றுத் தண்ணீரையும் பைப் தண்ணீரையும் ஏன் விடவேணும்? அவற்றில் உப்பு இல்லைத்தானே?

வாவிக்கரை_ஓய்வு:

யார் சொன்னது தம்பி? எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் எத்தனை கிணறு உவர் என்று வீட்டில் கேட்டுப் பாரும். பைப் தண்ணீரில் குளோரீன் இருக்கும். கராஜிலும் பெற்றோல் ஷெட்டிலும் பற்றரிக்கு ஊற்றக் காய்ச்சி வடித்த தண்ணீர் விற்பார்கள். அதில் ஒரு போத்தல் வாங்கினால் போதும், இல்லாவிட்டால் கூரையில் படாமல் பிடித்த மழைத் தண்ணீர். போத்தலில் ‘அமிலம்’ என்று போட்டிருந்தால் அது வேறு சாமான், கிட்டவும் போகக்கூடாது.

சும்மா_ஒருவன்:

ஐந்து பயறுக்கு இவ்வளவு வழக்கா? முடிவு சரி என்று மிஸ்ஸே எழுதிவிட்டா. மாக்ஸைப் போட்டு அனுப்பியிருக்கலாம். பிள்ளைக்கு இன்னும் எத்தனையோ பாடம் கிடக்கு.

வாவிக்கரை_ஓய்வு:

முடிவு சரியாய் வந்ததும் தற்செயல்தான். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மொன்ற் என்பவர் 200 இறாத்தல் காய்ந்த மண்ணில் 5 இறாத்தல் வில்லோ மரக் கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 169 இறாத்தலுக்கு வந்தது. மண்ணைக் காயவைத்துத் திரும்ப நிறுத்தால் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். பொறுமையாய், கவனமாய் நிறுத்தவர், ஆனால் மரத்தைச் சுற்றியிருந்த காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. இலை காபனீரொட்சைட்டை எடுக்கிறது என்பது விளங்க நூறு வருடத்துக்கும் மேல் போனது. அவருக்கு அளவு சரி, முடிவு பிழை. மகளுக்கு முடிவு சரி, வழி பிழை. எந்த முடிவு சரி என்று முன்கூட்டியே தெரியாத இடத்தில் நிற்கும்போது கையில் இருப்பது வழி மட்டும்தான்.

வட்டைக்காரன் (சம்மாந்துறை):

நான் விவசாயப் போதனாசிரியராய் இருந்து ஓய்வுபெற்றவன். இந்தப் பயறு வழக்கை நான் வயலில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

புதுப் பசளை ஒன்று வரும். விவசாயி அதை எங்கே போட்டுப் பார்ப்பார்? வாய்க்கால் தலைப்பில் இருக்கிற நல்ல வயலில். பழைய பசளை வட்டையின் (வயல்வெளியின்) கடைசியில், தண்ணீர் கடைசியாய்ப் போய்ச் சேரும் துண்டுக்கு. அறுவடையில் புதுப் பசளை வயல் ஏக்கருக்கு நாலு மூடை கூட விளையும். ‘பசளை வேலை செய்யுது காக்கா (அண்ணன்)’ என்பார். பசளை வேலை செய்ததா, தண்ணீரும் மண்ணும் வேலை செய்ததா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஒரு போகம் சும்மா போனதுதான் மிச்சம். பெரும்போகத்தில் பழையதைப் போட்டுச் சிறுபோகத்தில் புதியதைப் போட்டு ஒப்பிடுகிற ஆட்களும் உண்டு. மழையும் வெயிலும் வேறு வேறாய் இருக்கும்போது அதில் ஒப்பிட என்ன இருக்கு?

இதைத்தான் ரொனால்ட் ஃபிஷர் 1919 தொடக்கம் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டட் விவசாய ஆய்வு நிலையத்தில் இருந்து ஒழுங்குபடுத்தினார். வயலைத் துண்டுகளாய்ப் பிரி. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எல்லாப் பசளையும் வரட்டும். எந்தப் பாத்திக்கு எது என்பதை நீ தீர்மானிக்காதே, சீட்டுத் தீர்மானிக்கட்டும். ஒன்றைப் பல இடத்தில் திரும்பச் செய். விளைச்சல் எடுக்கும்போது வரம்போரப் பயிரை விட்டுவிட்டு நடுவில் இருந்து எடு, ஓரத்துப் பயிருக்கு வெளிச்சமும் இடமும் கூட.

பிள்ளையின் கப்பும் அப்படித்தான். ஜன்னலில் வரிசையாய் வைத்தால் ஒரு மூலையில் வெயில் கூடப் படும். எந்தக் கப் எந்த இடத்தில் என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கோ.

உயர்தரப்_பொடியன்:

உப்பு தடுக்கிறது என்று தெரிந்தாலும், எப்படித் தடுக்கிறது என்று இந்தப் பரிசோதனை சொல்லாதே? உப்பு நஞ்சாய் வேலை செய்கிறதா, பிரசாரணத்தால், அதாவது செறிவு கூடின பக்கத்துக்குத் தண்ணீர் இழுபடுவதால், வித்து தண்ணீரை உறிஞ்ச முடியாமல் போகிறதா? சீனிக் கரைசலிலும் ஒரு கப் வைத்துப் பார்த்தால் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். லீற்றருக்கு 5.85 கிராம் உப்பு என்றால் 0.1 மூல். கரைந்தால் இரண்டு அயனாகப் பிரியும். அப்படியென்றால் அதே எண்ணிக்கைத் துணிக்கைகளுக்குச் சீனி 0.2 மூல், 68.4 கிராம்.

வாவிக்கரை_ஓய்வு:

நல்லாய்ப் பிடித்தீர் தம்பி. ஒரே கிராம் அளவு சீனியைக் கரைத்துவிட்டு ‘சீனி தடுக்காது, உப்புத்தான் நஞ்சு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. சீனிக் கப் கெதியாய்ப் பூஞ்சணம் பிடிக்கும், அது இன்னொரு மாறியாய் வந்து நிற்கும். தரம் 10 பிள்ளைக்கு இது வேண்டாம், நீர் செய்து பாரும்.

படுவான்கரை_ரீச்சர்:

எல்லாரும் நல்லாய்ச் சொல்லுகிறீர்கள். நான் படிப்பிக்கிற பக்கத்துக்கு ஒருதரம் வந்து பாருங்கோ. வகுப்பில் 40 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். ஆய்வுகூடம் என்று ஓர் அறை இருக்கு, அலுமாரித் திறப்பு யாரிடம் என்று தேடவேண்டும். தண்ணீர் வாளியில் வரும். ஐந்து செறிவு, கப்புக்கு 20 வித்து, மூன்று தரம் திரும்பச் செய் என்றால் 300 பயறை எண்ணுவது யார்?

ஆனாலும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து கப், கப்புக்குப் பத்து வித்து. எட்டுக் குழுவின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் ஒன்றாய் எழுதினால் செறிவு ஒன்றுக்கு 80 வித்து ஆகிவிடும். ஒரு குழுவில் ஒன்பது முளைத்திருக்கும், பக்கத்துக் குழுவில் அதே செறிவில் ஆறு. ‘ஏன் வித்தியாசம்?’ என்று பிள்ளைகளே சண்டை பிடிப்பார்கள். நான் நாள் முழுக்கக் கத்திச் சொன்னாலும் ஏறாதது அந்தச் சண்டையில் ஏறும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு விஷயத்தில். அண்ணாமாரின் பழைய கொப்பியைப் பார்த்து முடிவை எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகள். அட்டவணை அப்படியே அழகாய் ஏறிப்போகும், ஒரு புள்ளி விலகாது. அதற்கு முழு மாக்ஸ் போடுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் பிள்ளைகள் எழுதுகிறார்கள். கோணல் மாணலாய் இருந்தாலும் தான் அளந்ததை எழுதின பிள்ளைக்கு நான் கூடப் போடுவேன்.

சும்மா_ஒருவன்:

ரீச்சர், வாவிக்குள் பாடுவதாய்ச் சொல்லுகிற எங்கட பாடும் மீனையும் இப்படிச் சோதிக்கலாமா? கல்லடிப் பாலத்துக்குக் கீழே பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்குமாம். அப்பப்பா கேட்டதாய்ச் சொல்லுவார்.

படுவான்கரை_ரீச்சர்:

பகிடிக்குக் கேட்டாலும் நல்ல கேள்வி. பௌர்ணமிக்கு மட்டும் போய்க் கேட்கிறவருக்கு மற்ற இரவில் கேட்குமா இல்லையா என்று எப்படித் தெரியும்? அமாவாசைக்கும் போகவேணும், இடையில் சாதாரண இரவுகளுக்கும் போகவேணும். அதே இடம், அதே நேரம், அதே அளவு நேரம் கேட்கவேணும்.

வாவிக்கரை_ஓய்வு:

அதோடு கேட்கிறவருக்கு அன்றைக்கு என்ன இரவு என்று தெரியக்கூடாது. பௌர்ணமி என்று தெரிந்தால் காது தானாகக் கேட்கும். சத்தத்தைத் தண்ணீருக்குள் பதிவு செய்து, திகதி சொல்லாமல் வேறொருவருக்குப் போட்டுக் காட்டலாம். பயறிலும் இது உண்டு. ‘முளைக்காது’ என்று நினைத்துக்கொண்டு 35 கிராம் கப்பைப் பார்க்கிற பிள்ளைக்கு அரைகுறையாய் வெடித்த வித்து முளைக்காததாய்த் தெரியும், 0 கிராம் கப்பில் அதே வித்து முளைத்ததாய்த் தெரியும். ‘வேர் 2 மில்லிமீற்றர் வெளியே வந்தால்தான் முளைத்தது’ என்று தொடங்குமுன் எழுதி வைக்கவேணும். எண்ணுகிற ஆளுக்குக் கப்பின் செறிவைக் காட்டாமல் இலக்கம் மட்டும் ஒட்டினால் இன்னும் நல்லது.

லாப்_அக்கரைப்பற்று:

நான் ஆய்வுகூட உதவியாளர். இழை முழுக்கத் திட்டமிடலைப் பற்றியே போகுது, கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கை சரியில்லாவிட்டால் உங்கட மாறி எல்லாம் கொப்பியில்தான் நிற்கும்.

உயர்தரத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் ‘8 மில்லிலீற்றர் அளந்து தா’ என்றால் 100 மில்லிலீற்றர் அளவுச்சாடியைத் தூக்குவார்கள். அதில் ஒரு கோட்டுக்கும் மற்றக் கோட்டுக்கும் இடையில் 1 மில்லிலீற்றர். 10 மில்லிலீற்றர் சாடி பக்கத்திலேயே இருக்கும். பிறகு சாடியைக் கையில் தூக்கிப் பிடித்துக் கண்ணுக்கு நேரே கொண்டுவருவார்கள், தண்ணீர் சாய்ந்து நிற்கும். சாடி மேசையில் இருக்கட்டும், கண்ணைக் கீழே கொண்டு போ. பிறையுருவின் (வளைந்து நிற்கிற நீர்மட்டத்தின்) அடியைப் பார், ஓரத்தைப் பார்க்காதே.

வெப்பமானியை வெளியே எடுத்து வாசிக்கிறது இன்னொன்று. எடுத்த உடனே இறங்கத் தொடங்கிவிடும். குமிழ் முகவையின் அடியில் முட்டக்கூடாது, அடி தண்ணீரை விடச் சூடாய் இருக்கும். வெப்பமானியாலேயே கலக்குகிற பிள்ளையைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். இரசம் உள்ளே இருக்கிற பழைய வெப்பமானி உடைந்தால் கையால் பொறுக்கக்கூடாது. ஆட்களை வெளியே எடுத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆசிரியரைக் கூப்பிடவேண்டும்.

இலையில் மாப்பொருள் சோதிக்கும்போது மதுசாரத்தை நேரே சுவாலையில் வைக்கப்போன கதை எல்லா லாப்பிலும் இருக்கும். முதலில் தண்ணீரைக் கொதிக்கவை, சுவாலையை அணை, அப்புறம் அந்தச் சுடுதண்ணீருக்குள் மதுசாரக் குழாயை இறக்கு. அமிலத்தை ஐதாக்கும்போது தண்ணீருக்குள் அமிலம், மெல்ல மெல்ல. மாறிச் செய்தால் சல்பூரிக் அமிலம் கொதித்து முகத்துக்குத் தெறிக்கும்.

எங்கட கரைக்கு என்றே சில வில்லங்கம் இருக்கு. உப்புக் காற்றில் தாங்கியும் கவ்வியும் துருப்பிடித்து இறுகும். நுணுக்குக்காட்டி வில்லையில் பூஞ்சணம் படரும். சோடியம் ஐதரொட்சைட்டுப் போத்தலைத் திறந்து வைத்தால் குளிகைகள் பார்த்திருக்கவே ஈரத்தை இழுத்துப் பளபளக்கும். அதை நிறுத்துக் கரைசல் செய்தால் நிறுத்ததில் பாதி தண்ணீர். ஆகவே நியமிப்புக்கு (செறிவு தெரிந்த கரைசலால் தெரியாததன் செறிவை அளக்கிறதுக்கு) முதல் அந்தக் கரைசலின் செறிவைத் தெரிந்த ஒன்றோடு நியமித்துப் பார்த்தே தீரவேணும். அதை வைத்திருக்கிற போத்தலுக்குக் கண்ணாடி மூடி போடாதீர்கள், ஒட்டிப்போகும். றப்பர் மூடி.

படுவான்கரை_ரீச்சர்:

காக்கா சொல்வது எல்லாம் சரி. ஆனால் அளவுச்சாடி இல்லாத பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் இல்லை என்று ஆகிவிடக்கூடாது. யோகட் கப்பிலும் நியாயமான பரிசோதனை செய்யலாம். மருந்துப் போத்தலோடு வருகிற சின்ன அளவு மூடியும், ஊசி கழற்றின புது சிரிஞ்சும் போதும். புண்ணுக்குப் பூசுகிற பொவிடோன் அயடீனைத் தண்ணீர் விட்டு ஐதாக்கினால் மாப்பொருளுக்கு நீலக்கறுப்பு வரும். செவ்வரத்தம்பூச் சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும்.

லாப்_அக்கரைப்பற்று:

ரீச்சர், இல்லாததை வைத்துச் சமாளிக்கிறதுக்கு நான் எதிரில்லை. சிரிஞ்சும் நல்ல அளவுச் சாமான்தான், காற்றுக் குமிழை வெளியே தட்டத் தெரிந்தால். என் கவலை வேறு. சாமான் அலுமாரியில் இருக்க, உடையும் என்று பயந்து பூட்டி வைத்துவிட்டு, ‘யோகட் கப்பே போதும்’ என்று சொல்லுகிற இடங்களும் இருக்கு. அளவியை (கரைசலைத் துளித்துளியாய் அளந்து விடுகிற குழாயை) கையால் தொடாமல் உயர்தரத்துக்கு வருகிற பிள்ளை இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் பிடிக்கவேண்டி வரும்.

உயர்தரப்_பொடியன்:

உண்மை. எங்களுக்கு எளிய ஊசலில் 20 அலைவுக்கு நேரம் எடுக்கச் சொன்னார்கள். விட்ட உடனே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால் 20 வரும்போது 19 அலைவுதான் முடிந்திருக்கும். ‘பூச்சியம்’ என்று தொடங்கவேணும். ஒரு மீற்றர் ஊசலுக்கு அலைவு காலம் 2 செக்கன் அளவில் வரவேணும், எங்கட வகுப்பில் பாதிப் பேருக்கு 1.9.

வாவிக்கரை_ஓய்வு:

அந்தப் பாதிப் பேருக்கும் ஒரே 1.9 வந்திருக்குமே? திரும்பத் திரும்பச் செய்து சராசரி எடுத்தாலும் அது 1.9தான். கை நடுங்குவதால் வருகிற வழு கூடியும் குறைந்தும் வரும், சராசரியில் பெரும்பாலும் அடங்கும். எண்ணும் முறையிலோ, கருவியின் பூச்சிய வழுவிலோ பிழை இருந்தால் ஆயிரம் தரம் செய்தாலும் ஒரே பக்கம்தான் இழுக்கும். ரீச்சருக்கும் காக்காவுக்கும் நடுவில் நான் வரவில்லை, ஆனால் இந்த இடத்தில் காக்கா பக்கம்தான்.

களுவாஞ்சி_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மகளும் இருந்து வாசித்தாள். புதுத் திட்டம் இது: 0, 5, 10, 20, 35 கிராம். ஒரே பக்கற்றில் வாங்கின பயறு, கப்புக்கு 20. ஒரே அளவு பஞ்சு. எல்லாக் கப்பும் குசினி ஜன்னலில், இடம் சீட்டுப் போட்டு. ஒவ்வொரு நாளும் பின்னேரம் எண்ணுவாள், வேர் 2 மில்லிமீற்றர் வந்தால் கணக்கு. ஒரு பிரச்சினை: வீட்டுத் தராசில் 5 கிராம் சரியாய்க் காட்டாது.

வாவிக்கரை_ஓய்வு:

நல்ல திட்டம். ஒன்று விடுபட்டிருக்கு. கப்பைத் திறந்து வைத்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மூன்றாம் நாள் 20 கிராம் கப் 20 கிராமாய் இராது. சின்ன ஓட்டை போட்ட பொலித்தீனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மூடுங்கோ. ஊற்றுகிற தண்ணீரும் ஒரே அளவு, வித்து மூழ்கக்கூடாது. மூழ்கினால் ஒட்சிசன் கிடைக்காது.

லாப்_அக்கரைப்பற்று:

5 கிராம் நிறுக்கத் தேவையில்லை தங்கச்சி. நகைக்கடையிலோ பாமசியிலோ ஒருதரம் 35 கிராம் உப்பு நிறுத்து எடுங்கோ. முதலில் முக்கால் போத்தல் தண்ணீரில் கரைத்து, கரைந்த பிறகு சரியாய் 1 லீற்றர் வரும்வரை தண்ணீர் விடுங்கோ. ஒரு லீற்றர் தண்ணீரை எடுத்து அதில் உப்பைப் போட்டால் அளவு கூடிவிடும்.

அதுதான் 35. அதில் 4 பங்கோடு 3 பங்கு தண்ணீர் சேர்த்தால் 20. 2 பங்கோடு 5 பங்கு சேர்த்தால் 10. 1 பங்கோடு 6 பங்கு சேர்த்தால் 5. பங்கு அளக்க 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் போதும். உப்பில்லாத தண்ணீரில் இருந்து தொடங்கி 35க்குப் போகச் சொல்லுங்கோ, மாறிப் போனால் சிரிஞ்சில் ஒட்டின உப்பு அடுத்த கப்புக்குப் போகும்.

களுவாஞ்சி_அம்மா:

சரி காக்கா. கப்பில் இலக்கத்தை மார்க்கர் பேனையால் எழுதலாமா?

லாப்_அக்கரைப்பற்று:

ஈரம் பட்டால் சில மார்க்கர் அழியும். கடதாசியில் பென்சிலால் எழுதி செலோரேப்பால் ஒட்டுங்கோ. மூடியில் ஒட்டவேண்டாம், கப்பில் ஒட்டுங்கோ. மூடி மாறிப்போகும்.